எதில் பாதி? முதலில் அதை எழுதுங்கள்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். தேங்காய்ப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் படிப்பகமும் விளையாட்டு மன்றமும் சேர்ந்த ஒரு சங்கம் இருக்கிறது, பதிவு செய்தது. நான் இப்போது செயலாளர். உறுப்பினர் புத்தகத்தில் 212 பேர். ரோட்டோரத்துச் சங்க இடத்தில் கடை கட்டி வாடகைக்கு விடலாமா என்று போன பொதுக்குழுவில் சீட்டு கொடுத்து ஓட்டெடுத்தோம். வந்தவர்கள் 96 பேர். ஆதரவு 47, எதிர்ப்பு 31, வெற்றுச் சீட்டு 12, செல்லாதது 6. பைலாவில், அதாவது சங்க விதிகளில், 'பெரும்பான்மையோர் முடிவே இறுதியானது' என்று ஒரே வரிதான் இருக்கிறது. 31-ஐ விட 47 பெரிது, தீர்மானம் பாஸ் என்கிறது ஒரு கூட்டம். 96-ல் பாதி 48, அதைத் தாண்டவில்லை, தோற்றுவிட்டது என்கிறது இன்னொரு கூட்டம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 212-ல் பாதிக்கு மேல், அதாவது 107 வேண்டும் என்கிறார். பெரும்பான்மைக்குச் 'சரியான வரையறை' ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள் என்று நிற்கிறார். வரையறை எழுத ஐந்து பேர் குழு போட்டோம், மூன்று முறை கூடியும் முதல் வார்த்தையைத் தாண்டவில்லை. செயற்குழுத் தேர்தல் வேறு வருகிறது, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் வரையறைகளை அப்படியே எடுத்துப் போட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது, தம்பி. தேர்தல் ஆணையம் நடத்துவது ஆளைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். உங்களுக்கு வந்திருப்பது ஒரு தீர்மானத்தின் மேல் நடந்த ஓட்டெடுப்பு. இரண்டுக்கும் கணக்கு வேறு. அங்கே யார் அதிகம் வாங்கினார் என்பதுதான் கேள்வி, பாதியைத் தாண்டினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் நம்ம கன்னியாகுமரித் தொகுதியில் பலமுனைப் போட்டி, ஜெயித்த பொன். ராதாகிருஷ்ணன் பதிவான ஓட்டில் பாதியை எட்டவில்லை, ஆனாலும் ஜெயித்தார். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அந்தச் சட்டம் பெரும்பான்மை கேட்கவில்லை, மற்ற எல்லாரையும் விட அதிக ஓட்டு என்றுதான் கேட்கிறது. அந்தக் கணக்கை எடுத்துவந்து கடை கட்டுகிற தீர்மானத்துக்குப் போட்டால் பொருந்தாது.

தலைமையாசிரியர் ஐயாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: சரியான வரையறை என்று வானத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை. நம்ம அரசியலமைப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தில் அன்றாட விஷயங்களுக்கு 100-ஆவது பிரிவு: வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை. சபாநாயகரை நீக்க 94-ஆவது பிரிவு: அப்போதைய உறுப்பினர்கள் அனைவரிலும் பெரும்பான்மை. அரசியலமைப்பைத் திருத்த 368-ஆவது பிரிவு: சபையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பெரும்பான்மை, அதோடு வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், இரண்டும் சேர்ந்து வேண்டும். குடியரசுத் தலைவர் மேல் குற்றச்சாட்டு கொண்டுவந்து நீக்க 61-ஆவது பிரிவு: மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு. ஒரே புத்தகத்தில் நாலு விதமான கணக்கு. எழுதினவர்களுக்குக் குழப்பம் இல்லை, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு கனமான சம்மதம் வேண்டும் என்று யோசித்து, ஒவ்வொரு இடத்திலும் எதில் பாதி, எதில் மூன்றில் இரண்டு என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். உங்கள் பைலாவில் விட்டுப்போனது அந்தப் பாதிதான். பெரும்பான்மை என்று எழுதியிருக்கிறது, எதில் என்று எழுதவில்லை.

1999 ஏப்ரல் 17 நினைவிருக்கும். வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. மொத்த சபையில் பாதி என்று பார்த்தால் அன்று இரண்டு பக்கத்துக்கும் அது கிடையாது. ஆனால் 'உங்களுக்கும்தான் 272 வரவில்லை, அதனால் முடிவு செல்லாது' என்று யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. கணக்கு வந்திருந்து வாக்களித்தவர்களை வைத்துத்தான் என்று முன்னாலேயே எழுதியிருந்தது, அவ்வளவுதான் காரணம். நாட்டின் ஆட்சியே அப்படி ஒரு ஓட்டில் போய், தகராறு இல்லாமல் முடிந்தது. உங்கள் ஊரில் பதினாறு ஓட்டு வித்தியாசம் இருந்தும் மூன்று கட்சி.

உங்கள் கணக்குக்கே வருவோம். நீங்கள் அனுப்பிய எண்களைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சண்டை நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. செல்லுபடியாகிற ஆதரவும் எதிர்ப்பும் மட்டும் எண்ணினால் 78, பாதிக்கு மேல் என்றால் 40, உங்களிடம் 47, பாஸ். சரி, வெற்றுச் சீட்டையும் சேர்த்து எண்ணுங்கள், 90 ஆகிறது, 46 போதும், அப்போதும் பாஸ். அந்தச் செல்லாத ஆறையும் சேர்த்தால்தான் 96, அங்கேதான் 49 வேண்டியிருக்கிறது, இரண்டு குறைகிறது. குழுவில் மூன்று முறை கூடி வெற்றுச் சீட்டைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முடிவைத் தீர்மானிக்கிறது வெற்றுச் சீட்டு இல்லை, செல்லாத ஆறு சீட்டு. அந்த ஆறும் ஏன் செல்லாமல் போனது என்று நீங்கள் எழுதவே இல்லையே!

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சங்கத் தேர்தல்களில் தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்து சீட்டு பிரித்த அனுபவத்தில் சொல்கிறேன், செல்லாத சீட்டு என்று ஒதுக்கி வைப்பதில் பாதி செல்லுபடியாக வேண்டியது. டிக் போடச் சொன்னால் பெருக்கல் குறி போட்டிருப்பார். 'ஆம்' என்பதற்குப் பக்கத்தில் போட வேண்டியதை அதன் மேலேயே போட்டிருப்பார். ஒருவர் டிக் போட்டது போதாதென்று கீழே 'சீக்கிரம் கட்டுங்க' என்று எழுதியும் வைப்பார். இதையெல்லாம் தூக்கிப் போடலாமா? நாட்டின் தேர்தல் நடத்தை விதிகள் 1961-ல் 56-ஆவது விதி இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. குறி தெளிவில்லை, அல்லது ஒரே பெயருக்கு இரண்டு தடவை குறி போட்டிருக்கிறார் என்பதற்காக மட்டும் சீட்டைத் தள்ளக் கூடாது, இன்னாருக்குத்தான் போட நினைத்தார் என்று சீட்டைப் பார்த்தாலே தெரிந்தால் அது ஓட்டுதான். ஆனால் போட்டது யார் என்று கண்டுபிடிக்கிற மாதிரி கையெழுத்தோ அடையாளமோ இருந்தால் செல்லாது, அங்கே இரக்கமே கிடையாது, ரகசியம் போய்விட்டது. ஆணையத்திடமிருந்து ஒன்றே ஒன்று கடன் வாங்க வேண்டுமென்றால் இந்த விதியை வாங்குங்கள். இதன்படி உங்கள் ஆறு சீட்டில் இரண்டு ஆதரவாக வந்துவிட்டால், 96-ல் பாதி கேட்கிற கூட்டத்துக்கும் 49 கிடைத்துவிடுகிறது. அதற்காக இப்போது போய் உறையைப் பிரித்துவிடாதீர்கள், யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு பிரித்தால் அது எண்ணிக்கை ஆகாது, அடிதடி ஆகும். உறையை ஒட்டி, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கி, அலமாரியில் வையுங்கள்.

இனி வரையறைகள். நீங்கள் மேலே இருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள், பெரும்பான்மையில். அது கடைசியில் வர வேண்டிய வார்த்தை. கீழே இருந்து வாருங்கள்: உறுப்பினர் யார், அவரில் ஓட்டுரிமை உள்ளவர் யார், வந்திருப்பவர் யார், சீட்டு என்றால் என்ன, ஓட்டு என்றால் என்ன, எது செல்லும். இந்த வரிசையில் வந்தால் பெரும்பான்மை ஒரே வரியில் முடிந்துவிடும்.

உறுப்பினர் என்று 212 எண்ணுகிறீர்களே, அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? கோபிக்காதீர்கள், நம்ம ஊர்ச் சங்கங்களின் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். போய்ச் சேர்ந்தவர், திருவனந்தபுரத்தில் வீடு வாங்கிக் குடியேறியவர், சந்தா கட்டி எத்தனையோ வருஷம் ஆனவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். 94-ஆவது பிரிவில் 'அப்போதைய உறுப்பினர்கள்' என்று எழுதியிருப்பது காலியிடத்தைக் கழிக்கத்தான். நீங்களும் ஒரு தேதி வையுங்கள். நாட்டு வாக்காளர் பட்டியலுக்குத் தகுதி நாள், அதாவது அன்று பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டிய தேதி, உண்டு, முன்பு ஜனவரி 1 மட்டும் இருந்தது, இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகளும் சேர்ந்திருக்கின்றன. வேட்புமனு போடும் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. உங்களுக்கு அதே மாதிரி ஒரு வரி போதும்: பொதுக்குழு நோட்டீஸ் போடுகிற தேதியில் சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்தான் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர். அன்று காலையில் வந்து மூன்று வருஷ பாக்கியை மொத்தமாகக் கட்டி இருபது பேரைக் கொண்டுவந்து இறக்குகிற வித்தை எல்லா ஊரிலும் நடக்கிறது, ஆளும் தரப்பும் செய்யும், எதிர்த்தரப்பும் செய்யும், தேதி இல்லாவிட்டால் யாரையும் குறை சொல்லி உபயோகமில்லை.

வந்திருப்பவர் என்பது இன்னும் வில்லங்கமான வார்த்தை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவரா, ஓட்டெடுக்கிற நேரத்தில் உட்கார்ந்திருப்பவரா? கையெழுத்துப் போட்டு, சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டு, வரவு செலவு வாசிக்க ஆரம்பித்ததும் நழுவுகிறவர்கள் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். 96 என்பது கையெழுத்தா, சீட்டா? உங்கள் கூட்டுத்தொகை சரியாக 96 வருவதால் சீட்டு என்று எடுத்துக்கொள்கிறேன், அடுத்த தடவை இப்படி அமையாது. அதனால் தீர்மானங்களுக்கு 'வந்திருப்பவர்' என்பதை வைத்துக் கணக்கே போடாதீர்கள், கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பார்க்க மட்டும் அந்த வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. கோரம் கூட்டம் ஆரம்பிக்கும்போது இருந்தால் போதுமா, ஓட்டெடுக்கும்போதும் இருக்க வேண்டுமா என்று ஒரு வரி சேருங்கள். நாடாளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்கு, கூட்டத்தின் நடுவில் குறைந்தாலும் சபையை நிறுத்த வேண்டும். கோரம் சேராத கூட்டத்தை என்ன செய்வது என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தில் ஒரு மாதிரி இருக்கிறது: அரை மணி நேரம் காத்திருந்து, அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிவைத்து, அன்றும் அரை மணி நேரத்தில் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். இதை எழுதிவைக்காத சங்கங்களில் ஒரு தரப்பு வராமல் இருந்தே வருஷக்கணக்கில் பொதுக்குழுவை முடக்கி வைக்கும்.

வெற்றுச் சீட்டுக்கு வருகிறேன், தலைமையாசிரியர் ஐயா சண்டை போடுவது இதற்காகவும்தான் என்று நினைக்கிறேன். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போட்டவர், எழுந்து வெளியே போனவர், மூன்று பேரும் நடுநிலைதான். ஆனால் மொத்தத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா, நடுநிலை எதிர்ப்பு ஓட்டாக மாறிவிடும். எனக்கு எந்தப் பக்கமும் வேண்டாம் என்று சும்மா இருந்தவரை 'வேண்டாம்' கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள், அதுவும் அவரைக் கேட்காமல். வராமல் வீட்டில் இருந்தவரையும் சேர்த்து 107 கேட்டால் சும்மா இருக்கிற ஊரே எதிர்ப்பு ஓட்டு போட்ட மாதிரி. சில விஷயத்துக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. சங்கத்து நிலத்தை விற்பது, சங்கத்தைக் கலைப்பது என்றால் எழுந்திருக்காதவனையும் எழுப்பி வந்து கேட்கத்தான் வேண்டும். நாற்காலி வாங்குவதற்கு வேண்டாம். கம்பெனிச் சட்டம் 2013-ல் சிறப்புத் தீர்மானத்தைச் சொல்லியிருக்கிற விதம் எனக்குப் பிடிக்கும்: ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. மொத்தம் என்ற பேச்சே இல்லை. இரண்டு குவியலை எண்ணினால் போதும், வெற்றுச் சீட்டு தானாகவே வெளியே போய்விடுகிறது.

அப்புறம் 'பாதியும் ஒன்றும்', '51 சதவீதம்' என்று எழுதாதீர்கள். பேச்சில் எல்லாரும் அப்படிச் சொல்கிறோம், எழுத்தில் அது வம்பு. செல்லுபடியான ஓட்டு 77 என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி 38½, அதோடு ஒன்று 39½, ஆக 40 வேண்டும் என்பார் ஒருவர். பாதிக்கு மேல் என்று எழுதியிருந்தால் 39 போதும். 51 சதவீதம் இன்னும் மோசம், உங்கள் 212-க்கு அது 108.12, அதாவது 109 பேர், பாதிக்கு மேல் என்றால் 107. இந்த இரண்டு ஆளுக்காக ஒருவர் கோர்ட் படி ஏறுவார், நானும் பீஸ் வாங்கிக்கொண்டு வாதாடுவேன். 'பாதிக்கு மேல்' என்று எழுதுங்கள், தசமப் புள்ளி வராது.

ஏழு பேர் தேர்தலுக்குப் போவோம். இங்கே பெரும்பான்மை என்ற வார்த்தையையே எடுத்துவிடுங்கள். பதினோரு பேர் நின்றால் ஏழாவது ஆள் பாதிக்கு மேல் வாங்குவார் என்று என்ன நிச்சயம்? 'அதிக ஓட்டு வரிசையில் முதல் ஏழு பேர்' என்று எழுதினால் முடிந்தது. தலைவருக்கு மட்டும் பாதிக்கு மேல் வேண்டும் என்று ஊர் நினைத்தால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் மூன்று பேர் நின்று யாருக்கும் வராவிட்டால் என்ன என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசைப்படி குறிக்கச் சொல்லி, இரண்டாவது விருப்பம் எண்ணுவது அதற்குத்தான். 1969-ல் வி.வி. கிரிக்கு முதல் சுற்றில் தேவையான அளவு வரவில்லை, இரண்டாவது விருப்ப ஓட்டுகளைச் சேர்த்துத்தான் ஜெயித்தார். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், முதல் இரண்டு பேருக்கு மறு ஓட்டு என்று வைத்தால் போதும்.

ஏழு பேர் தேர்தலில் சீட்டு வேறு, ஓட்டு வேறு. நம்ம ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. 90 சீட்டு பெட்டியில் விழுந்தால் ஓட்டு 630 வரை போகலாம். 'பதிவான ஓட்டில் பத்தில் ஒரு பங்கு வாங்காதவர் டெபாசிட் இழப்பார்' என்று ஒரு சங்கத்துப் பைலாவில் பார்த்தேன், ஒன்பது வேண்டுமா அறுபத்து மூன்று வேண்டுமா என்று அதை எழுதினவருக்கே தெரிந்திருக்காது. நாட்டுத் தேர்தலில் டெபாசிட் கணக்கு சுத்தமாக எழுதியிருக்கிறது, எல்லா வேட்பாளரும் வாங்கிய செல்லுபடியான ஓட்டுகளின் கூட்டுத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும், நோட்டா அந்தக் கூட்டுத்தொகையில் வராது. ஏழுக்கு எட்டாகக் குறித்த சீட்டை முழுவதும் தள்ளுங்கள், எந்த எட்டாவதைக் கழிப்பது என்று தேர்தல் அதிகாரி முடிவு செய்ய முடியாது. ஏழுக்கு மூன்று மட்டும் குறித்தால் அந்த மூன்றும் செல்லும் என்று எழுதுங்கள். சில ஊர்களில் ஏழும் குறிக்காவிட்டால் செல்லாது என்று வைத்திருக்கிறார்கள், ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் போட்டு மேலே ஏற்றுவதைத் தடுக்கவாம். பிடிக்காத ஐந்து பேருக்குக் கட்டாயமாக ஓட்டுப் போட வைப்பது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை. ஆனால் உங்கள் ஊர் எப்படி விரும்பினாலும் சரி, சீட்டு அச்சடிக்கும் முன் முடிவாக வேண்டும், சீட்டின் தலையிலேயே அச்சாக வேண்டும்.

நோட்டா வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வைத்தால் அதற்கு என்ன விளைவு என்றும் எழுத வேண்டும். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி நோட்டா வந்தது, மக்களவை, சட்டமன்றத் தேர்தலில் அது எவ்வளவு வாங்கினாலும் அடுத்து நிற்கிற ஆள்தான் ஜெயிப்பார். 2018-ல் மகாராஷ்டிராவும் ஹரியானாவும் உள்ளாட்சித் தேர்தலுக்கு வேறு மாதிரி வைத்தன, நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல். ஒரே பட்டன், இரண்டு அர்த்தம். ஏழு இடத்துக்கு ஏழே பேர் மனு போட்டால் ஓட்டெடுப்பே கிடையாது, போட்டியின்றித் தேர்வு, அங்கே நோட்டாவுக்கு வேலையில்லை. 2024-ல் சூரத் மக்களவைத் தொகுதியில் அப்படித்தான் ஆனது.

சமமாக ஓட்டு வந்தால் குலுக்கல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எடுத்த சீட்டில் பெயர் வந்தவர் ஜெயித்தவரா, தோற்றவரா? சிரிக்காதீர்கள். மக்களவைத் தேர்தலில் குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடியதாகக் கணக்கு, அவர் ஜெயிப்பார். 2024 பிப்ரவரியில் ஹிமாச்சலில் நடந்த மாநிலங்களவைத் தேர்தலில் இரண்டு பேருக்கும் 34-க்கு 34, சீட்டு எடுத்தார்கள், அபிஷேக் சிங்வி பெயர் வந்தது, அவர் தோற்றதாக அறிவித்தார்கள். அந்தத் தேர்தல் விதியில் பெயர் வந்தவரை விலக்க வேண்டும் என்று பொருள் கொண்டார்கள், அவர் உயர் நீதிமன்றம் போனார். சிங்வி யார், நாட்டின் பெரிய வக்கீல்களில் ஒருவர். அவருக்கே இந்தக் கதி என்றால் தேங்காய்ப்பட்டணத்தில் என்ன ஆகும்! தீர்மானங்களில் சமமாக வந்தால் குலுக்கல் வேண்டாம், தலைவருக்கு முடிவு ஓட்டு கொடுப்பதா, அல்லது பாதிக்கு மேல் வராததால் தீர்மானம் விழுந்துவிட்டது என்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும், தலைவருக்கும் ஊரில் வாழ வேண்டுமே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பக்கத்தில் அது கட்டாயம் கிளம்பும். துபாயில் இருக்கிறவர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பி 'என் ஓட்டு ஆமாம்' என்பார், கடலுக்குப் போனவரின் அண்ணன் 'தம்பிக்கும் சேர்த்து நான் போடுகிறேன்' என்பார். நேரில் வந்து போடுவது மட்டுமே ஓட்டு என்றால் அப்படியே எழுதுங்கள். நாடும் வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்களைப் பாஸ்போர்ட்டை வைத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறதே தவிர, ஓட்டுப் போட நேரில் வரத்தான் சொல்கிறது. பதிலாள் வைக்கலாம் என்றால் எழுத்தில், ஒரு கூட்டத்துக்கு மட்டும், ஒருவர் ஒருவருக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று கட்டிப்போடுங்கள். அதைவிட நல்ல வழி, கடல் ஆட்கள் கரையில் இருக்கிற மாதத்தில் பொதுக்குழுவை வைப்பது. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, உங்களுக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் கூட்டம் வைக்கப் பந்தல் போட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

இனி ஒத்துக்கொள்வது எப்படி என்பது. உங்கள் குழு முதல் வார்த்தையைத் தாண்டாததற்குக் காரணம் தமிழ் தெரியாததில்லை, 'பெரும்பான்மை' என்று யார் வாய் திறந்தாலும் அது கடைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் முதல் தீர்மானமாக இதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: நாம் எழுதப்போகிற வரையறை பழைய ஓட்டெடுப்புக்குப் பொருந்தாது, கடை விஷயம் புதிய விதிப்படி மறுபடியும் பொதுக்குழுவுக்கு வரும். 47 பேர் தரப்புக்கு இது கசக்கும். கோர்ட்டுக்குப் போனால் செல்லுபடியான ஓட்டில் பெரும்பான்மை என்ற பக்கம்தான் வலு என்பது என் கருத்து, ஆனாலும் மறு ஓட்டெடுப்பு கோர்ட்டை விட வேகம், மலிவு.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரே வார்த்தை. ஒரு விதியில் உறுப்பினர், அடுத்ததில் அங்கத்தினர், ஒன்றில் ஓட்டு, இன்னொன்றில் வாக்கு என்று அழகுக்காக மாற்றி எழுதாதீர்கள், இரண்டுக்கும் வேறு அர்த்தம் என்று சொல்ல ஒருவர் வருவார். எழுதி முடித்ததும் குழுவில் இல்லாத இரண்டு பேரை, பிளஸ் டூ படிக்கிற பையன்களானாலும் சரி, தனித்தனியே உட்கார வைத்து, கோணல்மாணலான சீட்டுகளாகப் பார்த்து முப்பது தயார் பண்ணிக் கொடுத்து, உங்கள் வரைவை மட்டும் வைத்து எண்ணச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே முடிவு வந்தால் வரையறை முடிந்தது. வேறு வேறு வந்தால் எந்தச் சீட்டில் பிரிந்தார்கள் என்று பார்த்து அந்த வரியைத் திருத்துங்கள். அகராதி பார்த்துச் சண்டை போடுவதை விட இது சீக்கிரம் முடியும், தலைமையாசிரியர் ஐயாவுக்கும் பரீட்சை வைக்கிற வேலை என்பதால் பிடிக்கும்.

பெரும்பான்மை எது என்று முடிவு செய்கிற ஓட்டெடுப்புக்கே பெரும்பான்மை எது என்று யாராவது மடக்குவார்கள். அதற்கு நீங்கள் பதில் தேட வேண்டியதில்லை, சட்டம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கான நோட்டீஸும் விகிதமும் சட்டத்திலேயே இருக்கின்றன, அதற்குக் கீழே உங்கள் பைலா இறங்க முடியாது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பிறகுதான் திருத்தம் செல்லும். செயற்குழுத் தேர்தலுக்குள் அது முடியாது என்றால் ஏழு பேர் விஷயத்துக்கு வேண்டிய வரிகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, தேர்தல் அதிகாரி அறிவிப்பாக, மனு வாங்கத் தொடங்கும் முன்பே படிப்பகத்துப் பலகையில் ஒட்டுங்கள், அதன் நகலை மனுப் படிவத்தின் பின்பக்கம் அச்சடித்து, மனு போடுகிற ஒவ்வொருவரிடமும் படித்து ஒத்துக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுக்கிறவரின் மனுவை அதற்காகத் தள்ளுபடி செய்யாதீர்கள், இப்போதைய பைலாவில் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. மறுத்தார் என்று மினிட் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.